அப்பத்தாவின் வாய்ப்பாடும் தார்ண்டைக்கின் பூனையும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது கண்டனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. ஆறாம் வகுப்பில் 38 பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கல்வி உளவியல் தாளுக்காகக் கற்றல் கொள்கைகளில் வரும் தார்ண்டைக்கின் பூனை, பாவ்லவின் நாய், ஸ்கின்னரின் எலி, கோலரின் குரங்கு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கினேன். வகுப்பில் போய் நின்றால் அதில் ஒன்றும் கைக்கு வரவில்லை. என் அப்பத்தா எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த விதம்தான் வருகிறது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ‘இது பழைய முறை, ஒவ்வொரு மாணவரின் கற்றல் பாணியையும் அறிந்து நடத்தவும்’ என்று வழிகாட்டி ஆசிரியர் என் பாடக்குறிப்பில் எழுதிவிட்டார். இதற்கிடையில் கழித்தலில் கடன் வாங்குவதைப் பாதிப் பேர் தப்பாகவே போடுகிறார்கள். இந்தக் கொள்கைகளால் உண்மையிலேயே பயன் உண்டா? நம் பக்கத்துச் செட்டியார்கள் எந்த உளவியலும் படிக்காமல்தானே பர்மா வரை போய் வட்டிக் கணக்குப் பார்த்தார்கள்?

ச.

அன்புள்ள ச.,

பயன் உண்டு, நீங்கள் தேர்வுக்குப் படித்த வடிவத்தில் இல்லை. பூனை எத்தனையாவது முயற்சியில் கூண்டைத் திறந்தது என்பது நாளைக் காலை முதல் பீரியடில் உதவாது. பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்ததும் ‘இது ஏன் இப்படி வந்தது’ என்று உங்களைக் கேட்க வைக்கிறதா? அப்படியானால் அந்தக் கொள்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

கழித்தலையே எடுத்துக்கொள்வோம். 52-இல் 27 போக எவ்வளவு என்றால் உங்கள் வகுப்பில் பலர் 35 என்று எழுதியிருப்பார்கள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டு போக ஐந்து. ஐந்தில் இரண்டு போக மூன்று. அவர்களிடமே 81-இல் 46 போகச் சொல்லுங்கள், 45 என்று வரும். கவனக்குறைவு என்றால் தப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வர வேண்டும். இது அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி வருகிறது. அந்தப் பிள்ளை ஒரு விதியைப் பின்பற்றுகிறது: பெரியதிலிருந்து சின்னதைக் கழி. சின்ன வகுப்பில் நாமே சொல்லிக்கொடுத்த விதிதான் அது. பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் இப்படிப்பட்ட கணக்குப் பிழைகளைப் பிரித்துப் பார்த்து, பலவற்றுக்குப் பின்னால் ஒழுங்கான ஒரு தப்பு விதி இருப்பதைக் காட்டினார்கள். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயும் இளவயதில் பாரிசில் சிறுவர்களுக்கான நுண்ணறிவுச் சோதனைகளில் வேலை பார்த்தபோது, சரியான விடைகளை விட்டுவிட்டுத் தப்பான விடைகளின் பின்னால்தான் போனார். அவருடைய வளர்ச்சிப் படிநிலைகளை வயது வாரியாக ஒப்பிக்கிறோம், அவர் தொடங்கிய இந்த இடத்தை யாரும் கேட்பதில்லை.

இது புரிந்துவிட்டால் ‘கவனமாப் போடு’ என்று சொல்வதை நிறுத்திவிடுவீர்கள். ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு மேசையில் வைத்து, அதிலிருந்து 27 ரூபாய் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தையாவது சில்லறை மாற்றாமல் எடுக்க முடியாது என்று பிள்ளையே சொல்லும். கடன் வாங்குதல் அவ்வளவுதான்.

இன்னொன்றும் பாருங்கள். தாளில் 35 என்று எழுதிய அதே பையனின் வீட்டில் பலகாரக் கடை இருக்கலாம். 27 ரூபாய்க்கு மாவுருண்டை வாங்குகிறவர் 52 ரூபாயாக நீட்டினால், எதற்கு அப்படி நீட்டுகிறார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். யோசிக்காமல் 25 திருப்பிக் கொடுப்பான். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் பார்த்த ஐந்து பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 1985-இல் வெளியிட்டார்கள். வியாபாரத்தின்போது 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்.

சரி, உங்கள் அப்பத்தாவுக்கு வருவோம். அவர்கள் முறையை விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. திரும்பத் திரும்பப் படித்தால் போதும் என்று பிள்ளைகள் நம்புவதற்குக் காரணம் அந்த முதல் ஐந்து நிமிடம்தான். ஆகவே வகுப்பு தொடங்கும்போது நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்துப் பாடத்தில் ஒன்று கேளுங்கள். மார்க் வேண்டாம், நோட்டில் சிவப்பு மையும் வேண்டாம். அப்பத்தா தொடையில் கிள்ளினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கிள்ளியிருந்தால், வாய்ப்பாடு மனதில் நின்றதற்கு அது காரணம் இல்லை.

உங்கள் வழிகாட்டி ஆசிரியரோடு எனக்கு ஒத்துவராத இடம் அந்தக் கற்றல் பாணி. இவன் பார்த்துப் படிப்பவன், இவள் கேட்டுப் படிப்பவள் என்று பிரித்து, அதற்கேற்ப நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நான்கு உளவியலாளர்கள் 2008-இல் இருந்த ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். முக்கோணத்தை எல்லோருக்குமே வரைந்துதான் காட்ட வேண்டும், செய்யுளை எல்லோருக்குமே வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும். எதை எப்படி நடத்துவது என்பதைப் பாடம்தான் முடிவு செய்கிறது. ஆனால் இதற்காக அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பயிற்சி மார்க் அவர் கையில். அவர் கேட்டபடி கற்றல் பாணி பற்றிப் பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

செட்டியார்கள் விஷயம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை ஒப்பித்த பையன் பர்மாவில் ரங்கூனிலோ மௌல்மேனிலோ கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தான். எடுபிடி வேலை, கணக்கைப் பார்த்துப் படி எடுப்பது, பெரியவர்கள் பேரம் பேசுவதைக் காதில் வாங்குவது. அப்புறம் மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், அதற்கும் அப்புறம் கடையையே நடத்துகிற மேலாள். தப்பு செய்தாலும் பெரிய நஷ்டம் வராத வேலையில் தொடங்கி, கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கிற வேலைக்கு மெல்ல ஏறினார்கள். லாவே, வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலையோடு சேர்ந்து கற்பதைப் பற்றி 1991-இல் எழுதிய கொள்கை கிட்டத்தட்ட இதுதான். அவர்கள் எடுத்துக்காட்டிய லைபீரியத் தையல்காரர்களிடமும் புதுப் பையன் பொத்தான் தைப்பதில்தான் தொடங்குவான், துணி வெட்டுவது கடைசியில்தான். உளவியல் படிக்கவில்லையே தவிர, செட்டியார்களிடம் முறை இருந்தது.

ஆனால் அதை அப்படியே புகழ்ந்துகொண்டிருக்க எனக்கு மனமில்லை. அந்தப் பையனுக்குக் கடையில் இடம் பிறக்கும்போதே உறுதி. உங்கள் அப்பத்தா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர்களை ரங்கூன் கடையில் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் 38 பேரில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் ஒரு அடுத்தாள் இருக்கிறார்? பின்னமும் குறை எண்ணும் போடுகிற ஆள் வீட்டில் இல்லாத பிள்ளைக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஒருவரே 38 பேருக்குப் பக்கத்தில் உட்கார முடியாது என்பீர்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இங்கேதான் உதவுவார். பிள்ளை தனியாக என்ன செய்கிறது என்பதோடு நிறுத்தாமல், சற்றுத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் என்ன செய்கிறது என்றும் பாருங்கள் என்றார். அந்த ஒருவர் ஆசிரியராகவே இருக்க வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவர், நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை, அப்படிப்பட்டவர்தான். (எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை 1797-இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்தெங்கும் பரவியது.) கடன் வாங்குவது நேற்றுத்தான் பிடிபட்ட பிள்ளையை, இன்னும் 35 என்று எழுதுகிற பிள்ளையோடு சேர்த்து விடுங்கள். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை வேண்டாம், அதற்கு எங்கே தடுக்கும் என்பதே மறந்திருக்கும். விடையைச் சொல்லாமல், எப்படிப் போட்டாய் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் வரும், பெஞ்சையும் மாற்றிப் போட வேண்டியிருக்கும். தலைமையாசிரியரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.