காற்றாடியை நிறுத்தினால் பாட்டிக்கு வேர்க்கிறதே!

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு மாணவர்கள் சிலர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்த மூத்தவர்களைப் பேட்டி கண்டு ஆவணப்படம் எடுக்கிறார்கள். இம்முறை எல்லாம் அவர்கள் அனுப்பிய கேள்விகள்தான்.

கேள்வி: கைப்பேசியை முக்காலியில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பதிவு செய்தோம். படம் பளிச்சென்று இருக்கிறது. பாட்டியின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. காற்றாடிச் சத்தம் வேறு. அதை நிறுத்தினால் பாட்டிக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

பதில்: காற்றாடியைவிடத் தூரத்தின் மேல்தான் குற்றம் அதிகம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால், நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். 20 சென்டிமீட்டரில் இருக்கவேண்டிய மைக் 2 மீட்டரில் இருந்தால் 20 டெசிபல் போய்விட்டது. ஆனால் சிமெண்டுத் தரையிலும் பலகைச் சுவரிலும் மோதித் திரும்பும் எதிரொலி அந்த அளவுக்குக் குறையாது. அதுதான் உங்கள் கிணற்றுக் குரல். எந்தச் செயலியிலும் இதை முழுதாகக் கழுவ முடியாது.

சட்டையில் மாட்டும் கிளிப் மைக் ஒன்று வாங்கி, இரண்டாவது கைப்பேசியில் செருகி, ஒலியைத் தனியாகப் பதியுங்கள். காது மாட்டி துளை உள்ள கைப்பேசிக்கு மூன்று கறுப்பு வளையம் போட்ட முனை வேண்டும். இரண்டு வளையம் போட்டது கேமராவுக்கானது. மாற்றிச் செருகினால் கைப்பேசி தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பதிவை ஓடவிட்டு மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டி, உடனே போட்டுக் கேளுங்கள். சுரண்டல் ஓங்கிக் கேட்டால் சரி.

மைக் இருக்கவேண்டிய இடம் முகவாய்க்கு ஒரு சாண் கீழே. முந்தானையில் மாட்டாதீர்கள். பாட்டி அதை இழுத்துச் செருகும்போதெல்லாம் கரகரவென்று விழும். ரவிக்கையின் கழுத்தோரம் நல்லது, சங்கிலி இடிக்காத பக்கமாகப் பார்த்து மாட்டுங்கள். வயரைச் சிறு வளையமாகச் சுருட்டி உள்பக்கம் டேப் ஒட்டிவிட்டால், வயர் இழுபட்டாலும் அந்த உரசல் மைக்குக்கு ஏறாது. மாட்டிவிடுவது குழுவில் உள்ள பெண்பிள்ளையாக இருக்கட்டும்.

கூரைக் காற்றாடியை நிறுத்திவிட்டு, மேசைக் காற்றாடியைக் கேமராவுக்குப் பின்னால், குறைந்த வேகத்தில், பாட்டியின் காலைப் பார்த்து வையுங்கள். காற்று மைக்கில் அடிக்கக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, காற்று வாங்கவிடுங்கள். குளிர்பெட்டியையும் அணைக்க வேண்டும். மறுபடி போட மறக்காமலிருக்க உங்கள் மோட்டார் சாவியை அதற்குள் போட்டுவையுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போகமுடியாதே! அடுப்படியில் மின்னல் எஃப்எம் வானொலி பாடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பேச்சுக்குப் பின்னால் பாட்டு ஓடினால் எங்கே வெட்டினாலும் பாட்டு துள்ளும், காப்புரிமைத் தொல்லையும் சேர்ந்து வரும்.

எழுந்து வருமுன், யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடைவெளிகளை நிரப்ப அது இல்லாமல் முடியாது.

கேள்வி: வீட்டுக்குள் எடுத்த படத்தில் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கைப்பேசி பழுதா?

பதில்: இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் குழல்விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது, மலிவான எல்இடி விளக்கும் அப்படித்தான். கைப்பேசி வழக்கமாக நொடிக்கு 30 படம் எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. 25 படம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் ‘PAL’ வடிவங்களைக் காட்டச் சொல்லித் தட்டினால் 25 வரும். ஆண்ட்ராய்டில் ‘ப்ரோ’ வீடியோ இருந்தால் ஷட்டரை நீங்களே வைக்கலாம்.

விளக்கையே அணைத்துவிட்டு, பேசுபவரைச் சன்னலுக்குச் சாய்வாக உட்காரவைப்பது இன்னும் நல்லது. முதுகுக்குப் பின்னால் சன்னல் வேண்டாம். வெள்ளைச் சுவரும் வேண்டாம்; கைப்பேசி சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், நம்மவர் முகம் கறுத்துப்போகும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். பின்னணியில் சாமிமேடையின் நிறம் மாறும் விளக்கும் சுவர்க்கடிகாரமும் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பாட்டி ஒரே மூச்சில் பேசியதுபோல் நீங்கள் வெட்டி ஒட்டியிருப்பீர்கள். கடிகாரமோ பத்தரையிலிருந்து பதினொன்றே காலுக்குத் தாவிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஆரம்பத்தில் உதடும் ஒலியும் சேர்ந்திருக்கின்றன. இருபதாவது நிமிடத்தில் பிரிந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: கைப்பேசி வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி படங்களின் வேகத்தை லேசாகக் கூட்டிக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருளோ சீரான வேகம் என்று நம்பிக் கணக்குப் போடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘மாறாத வேகம்’ (Constant Framerate) என்பதைத் தேர்ந்து மாற்றிய பிறகே எடிட்டிங்கில் ஏற்றுங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளைப் பயன்படுத்தினால் திட்டத்தின் படவேகத்தை முதலிலேயே 25 என்று வைத்துவிடுங்கள். கோப்புகளை ஏற்றி வேலையைத் தொடங்கிய பிறகு மாற்றவிடாது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒருமுறை கைதட்டினால் ஒலியையும் படத்தையும் பொருத்துவது எளிது.

இன்னொன்று: எடுத்ததை வாட்சப்பில் வீடியோவாக அனுப்பிக்கொள்ளாதீர்கள், அது நசுக்கித்தான் அனுப்பும். கேபிள் வழியாக மாற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

கேள்வி: மூன்று மணிநேரப் பேட்டியைப் பன்னிரண்டு நிமிடமாக்க வேண்டும். எங்கே கைவைப்பது?

பதில்: கணினியை மூடிவையுங்கள். பேச்சை நிமிட, நொடிக் கணக்கோடு தாளில் எழுதுங்கள், அவர் சொன்ன மாதிரியே. ‘பெரட்டு’ என்றால் பெரட்டுதான், ‘வருகைப்பதிவு’ ஆக்கவேண்டாம். வேண்டியதை வெட்டி, தரையில் பரப்பி, வரிசையை மாற்றி மாற்றி உரக்கப் படியுங்கள். வரிசை தாளில் சரியான பிறகு கணினியில் வெட்டுவது இரண்டு நாள் வேலை.

வெட்டை மறைக்கத் துணைக்காட்சிகள் வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் பாதியை அவற்றால் மூடினால், ஒன்று ஐந்து நொடி வீதம் 72 காட்சி. பால் பிடிக்கும் மங்கு, கத்தியைத் தீட்டும் கை, மரத்துக் கோட்டில் பால் இறங்குவது, தோட்டத்து லயத்து வீட்டுப் படிக்கட்டு – ஒவ்வொன்றையும் அசையாமல் பத்து நொடி எடுங்கள். அடுத்தவரின் குரலைப் படம் மாறுவதற்கு அரை நொடி முன்னாலேயே கேட்கவிட்டால் வெட்டு உறுத்தாது. மூச்சையும் தயக்கத்தையும் ஒட்ட நறுக்காதீர்கள்; கிழவர் செய்தி வாசிப்பவர்போல் ஆகிவிடுவார்.

கேள்வி: தாத்தா ஒருவர், “சப்பான்காரன் போன மறு வருசமே துரைமாரைச் சுட்டுட்டாங்க” என்கிறார். வருடம் தப்பு. வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். சப்பானியர் சரணடைந்தது 1945. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டது 1948 ஜூன் 16. அவர் பேசுவது பேசியபடி இருக்க, திரையின் கீழே சரியான தேதியை எழுத்தில் போடுங்கள். கேமரா முன் திருத்தினால் தாத்தா அடுத்த கேள்வியிலிருந்து யோசித்து யோசித்துத்தான் பேசுவார். வேறிடத்தில் அவர் சொன்ன ‘மூணு வருசம்’ என்ற சொல்லை எடுத்து இங்கே ஒட்டும் வேலை மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: தகரக் கூரையில் மழை பிடித்தால்?

பதில்: நிறுத்திவிடுங்கள். மழை இங்கே பெரும்பாலும் பிற்பகலில்தான். பேட்டியைக் காலை ஒன்பதுக்கு வையுங்கள். பெய்யும்போது கூரைச் சத்தத்தையும் வாசலில் ஒழுகும் நீரையும் தனியாகப் பதிந்து வாருங்கள், துணைக்காட்சியில் இரண்டு குறையும்.