எலிக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகணும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோடை விடுமுறையும் கல்யாண சீசனும் சேர்ந்து வந்தால், நம் சேலம் பக்கம் செல்ல எலி வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டர், எங்கள் எலிக்கு ரெண்டு வாரமாகத் தும்மல். டாக்ஸிசைக்ளின் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போகிறோம், திரும்ப நாலைந்து நாள் ஆகும். பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு வைத்துவிடுவதாகச் சொல்கிறார். போதுமா? (அஸ்தம்பட்டி)

போதாதும்மா. உங்களுக்கு வேண்டியது மருந்து கொடுக்கிற ஆள், மூச்சைக் கவனிக்கிற ஆள். எலிகளின் தும்மலுக்குப் பின்னால் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்கிற கிருமிதான் இருக்கும். மருந்தால் அது அடங்கும், முழுசாகப் போகாது. வீட்டு ஆட்கள் காணாமல் போனாலோ, இடம் மாறினாலோ, அந்தப் பதற்றத்திலேயே திரும்பத் தலைதூக்கும்.

தண்ணீரில் மருந்தைக் கலந்து வைத்துவிட்டுப் போகிற யோசனை வேண்டாம். உடம்பு சரியில்லாத எலி தண்ணீரே குறைவாகத்தான் குடிக்கும், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாக விட்டு, சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் புரையேறிவிடும். மசித்த வாழைப்பழத்தில் துளி கலந்தும் கொடுக்கலாம். தயிரிலோ பாலிலோ மட்டும் வேண்டாம், அதிலிருக்கும் கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த அக்காவை நீங்கள் கிளம்புவதற்கு முன்பே ஒன்றிரண்டு தடவை வரச்சொல்லி, நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, துள்ளுகிற எலியைத் துண்டில் சுற்றிப் பிடிப்பது வேறு.

அப்புறம், சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 400 கிராம் எலி 360 ஆனால், 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். எலியைக் காதருகே பிடித்தால் கர்கர் என்று கேட்கிறதா, மூச்சுவிடும்போது விலா உள்ளே இழுக்கிறதா என்றும் பார்க்கட்டும். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, காது, பாதமெல்லாம் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எலி மூக்கால் சுவாசிக்கிற பிராணி, அது வாயைத் திறக்கிறதென்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது.

அதனால் எங்கே கொண்டுபோவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நம் பக்கத்தில் பல டாக்டர்கள் மாடும் நாயும்தான் அதிகம் பார்ப்பார்கள், எலியைப் பார்ப்பீர்களா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதிகத் தூரமில்லை, அங்கேயும் கேட்டுவிட்டே போகணும். பணத்தை அக்காவிடம் கொடுத்துவையுங்கள். எவ்வளவு தூரம் சிகிச்சை பார்க்கலாம், வலி தாங்காத நிலை வந்தால் என்ன செய்யச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முடிவை அடுத்த வீட்டுப் பெண்ணின் தலையில் சுமத்துவது நியாயமில்லை.

இப்போதே மூச்சு வாங்குகிறது என்றால் ஒரே பதில்தான்: வீட்டில் ஒருவர் கல்யாணத்துக்குப் போகாமல் இருங்கள்.

கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வடிகிறது. இரத்தமா சார்? (ஓமலூர்)

பெரும்பாலும் இரத்தம் இல்லை. போர்ஃபிரின் என்கிற நிறமி, எலியின் கண்ணீரிலேயே இருக்கிறது. நலமாக இருக்கிற எலி துடைத்துக்கொண்டுவிடும். தேங்கி நிற்கிறதென்றால் அதற்கு வலியோ, நோயோ, மன அழுத்தமோ இருக்கிறது என்று பொருள். ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, மறுபடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏற்காட்டில் ரூம் போட்டிருக்கிறோம். நோய்வாய்ப்பட்ட எலியையும் கூடவே கூட்டிக்கொண்டு போகலாமா? (குகை)

வேண்டாம் என்றுதான் சொல்வேன். 20 கொண்டை ஊசி வளைவு. எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் தலைசுற்றிக் குமட்டினாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மேலே ராத்திரிக் குளிரும் பனியும் நெஞ்சுச் சளி உள்ள எலிக்கு ஆகாது. சரி, வேறு வழியே இல்லை என்றால் விடியற்காலையில் கிளம்புங்கள், கூண்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடுங்கள், ஆட்டத்தில் சிந்துகிற பாட்டிலுக்குப் பதில் வெள்ளரித் துண்டு வையுங்கள். வியூ பாயிண்டில் இறங்கும்போது காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கிருந்து ஆரஞ்சு வாங்கிவந்து ஆண் எலிக்குக் கொடுக்கவும் வேண்டாம், பழத்தோலில் உள்ள லிமோனீன் என்கிற பொருள் ஆண் எலியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டிலேயே விட்டால் வெயில் தாங்குமா? தகர ஷீட் கூரை. (அம்மாபேட்டை)

மே மாதச் சேலத்தில் தாங்காது. எலிக்கு நம்மைப்போல வியர்க்காது, வால் வழியாகத்தான் அதிகம் சூட்டை விடும். பார்த்துக்கொள்பவரின் வீட்டுத் தரைத்தளத்துக்குக் கூண்டை மாற்றுங்கள். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைக்கலாம். ஃபேன் நேராக மேலே படக் கூடாது.

ரெண்டு எலியில் ஒன்றுக்குத்தான் நோய். பிரித்து வைக்கவா? (செவ்வாய்ப்பேட்டை)

இத்தனை நாள் ஒன்றாக இருந்தவை என்றால் சளிக் கிருமி இரண்டுக்கும் எப்போதோ போயிருக்கும். பிரித்தால் நோயாளி இன்னும் ஒடுங்கிவிடும். மற்றது கடித்துத் துரத்தினால் மட்டும் பிரியுங்கள். பார்த்துக்கொள்பவர் வீட்டில் எலியைக் கொல்லும் விஷ மருந்து வைத்திருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டெலிக்கு வைத்த கேக், கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தால்கூட எடுத்துவிடச் சொல்லுங்கள்.