துப்பாக்கி பழுதென்றால் பணம் தர வேண்டியவர் யார்?

கேள்வி: பேரையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் எனக்கு மக்காச்சோளக் காடு இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்று, சென்ற ஆண்டு வெளியூர்க் கடையொன்றில் புதிய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். வலக்குழல் ஒழுங்காக வெடிக்கிறது. இடக்குழலில் தோட்டாவின் அடியில் ஊசி லேசாகத்தான் பதிகிறது. பாதி நேரம் வெடிப்பதில்லை. கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். கம்பெனி கடை மூலமாக வரச் சொல்கிறது. பணத்தை யாரிடம் கேட்பது?

பதில்: பணம் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தவர் கடைக்காரர், முதற்பொறுப்பு அவருடையதே. ஒரு பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர், வாங்குபவரின் தேவையை அறிந்து, அவர் தம்மை நம்பி வாங்குகிறார் என்ற நிலையில் விற்கும்போது, அப்பொருள் அத்தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை, ரசீதில் எழுதப்படாவிட்டாலும் விற்பனையோடு சேர்ந்தே வருகிறது என்பது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. உரிமத்தைப் பார்க்காமல் துப்பாக்கி விற்க முடியாது என்பதால், எதற்காக வாங்கினீர்கள் என்று தமக்குத் தெரியாது எனக் கடைக்காரர் சொல்வது எடுபடாது.

ஆனாலும் கடைக்காரரை மட்டும் எதிர்த்தரப்பாக்கினால், அவர் தயாரிப்புக் குறை என்று சொல்லி இழுத்தடிப்பார். ஆகவே இருவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, பதில் சரியில்லையென்றால் இருவரையும் சேர்த்தே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கடை வெளியூரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். பழுதை நீக்கவோ, மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு இந்த அதிகாரம் இல்லை. அங்கே மனுவோடு நடப்பது வீண் அலைச்சல்.

இதே சட்டத்தில் தயாரிப்பாளரின் பொறுப்பைப் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கடைக்காரர் தமக்குப் பொறுப்பில்லை என்று வாதிடக்கூடும். அந்த அத்தியாயம், பழுதான பொருளால் ஒருவருக்குக் காயமோ, உயிரிழப்போ, வேறு உடைமைக்குச் சேதமோ ஏற்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டைப் பற்றியது. பொருளுக்கே நேர்ந்த கேடு அதில் அடங்காது. குழல் வெடித்துக் கை போயிருந்தால் அந்த வழி. விலையைத் திரும்பக் கேட்பது வேறு வழி.

வழக்கில் உண்மையான சண்டை, பழுது பிறவியிலேயே வந்ததா, உங்கள் கையில் வந்ததா என்பதில்தான் நடக்கும். பார்த்து அறிய முடியாத குறையென்றால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். எனவே தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து ஊசியை மாற்றிவிடாதீர்கள். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும் என்பதோடு, ஒருமுறை பிரித்துவிட்டால் உங்கள் சான்றும் போய்விடும். வெடிக்காத தோட்டாக்களில் ஊசி பதிந்த அடையாளமே உங்களுக்குச் சாட்சி. அவற்றைத் தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தால், அங்கே துருப்பிடித்தது என்ற பேச்சு கட்டாயம் வரும். ஒப்படைத்த ரசீதும் திரும்ப வாங்கிய தேதியும் அப்போது கைகொடுக்கும்.

துப்பாக்கியைப் பார்சலில் அனுப்பிவிடாதீர்கள். உரிமத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, துப்பாக்கியின் எண்ணைக் குறித்த ரசீது வாங்குங்கள். பணம் திரும்பக் கிடைத்து ஆயுதத்தை ஒப்படைத்த பிறகு, உரிமத்தில் உள்ள அதன் விவரத்தையும் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் கையில் இல்லாத துப்பாக்கிக்கு நீங்கள் கணக்குச் சொல்ல நேரும்.

கேள்வி: மாமாவிடம் வாங்கிய பழைய துப்பாக்கியில் இதே கோளாறு இருந்தால்? — மேலூர் வாசகர்

பதில்: உங்கள் மாமா வியாபாரி அல்லர், நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது. பழுதை அறிந்தே மறைத்து விற்றார் என்று காட்ட முடிந்தால் உரிமையியல் நீதிமன்றம் போகலாம். சொந்தத்துக்குள் பேசி முடிப்பதே மேல் என்பது என் எண்ணம். அதைவிட முக்கியம், கைமாற்றுவதற்கு 45 நாட்களுக்கு முன்பே அவர் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்தாரா என்பது. தெரிவிக்கவில்லை என்றால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இருவரும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.