ஏப்ரல் 25: போர்ச்சுகலின் விடுதலை நாள் – கேள்வி பதில்

கேள்வி: ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய நாளைப் போய் ஜனநாயகத் திருநாளாகக் கொண்டாடுகிறார்களே, முரணாக இல்லையா சார்?

பதில்: 1974 ஏப்ரல் 25இல் நடந்தது ராணுவக் கிளர்ச்சிதான், மறுக்க முடியாது. ஆனால் இந்தத் தேதிக்கு மதிப்பைத் தந்தவை அடுத்து வந்த இரண்டு ஏப்ரல் 25கள். கிளர்ச்சி செய்த ஆயுதப்படை இயக்கம் தன் திட்ட அறிக்கையிலேயே, 12 மாதத்துக்குள் அரசியல் நிர்ணய சபைக்கு நேரடி, ரகசிய வாக்கெடுப்பு நடத்துவோம் என்று உறுதி கொடுத்தது. சொன்னபடி 1975 ஏப்ரல் 25 அன்று தேர்தல் நடந்தது. 18 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு. 91 சதவீதத்துக்கு மேல் பதிவானது. ராணுவத்தில் ஒரு பிரிவினர் "வெற்று வாக்குப் போடுங்கள்" என்று மக்களைத் தூண்டிப் பார்த்தார்கள். வெற்று வாக்கும் செல்லாத வாக்கும் சேர்ந்தே 7 சதவீதத்தைத் தாண்டவில்லை. புதிய அரசியல் சட்டம் 1976 ஏப்ரல் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தது.

துப்பாக்கி ஏந்தி வந்தவர்கள் கெடு தவறாமல் வாக்குப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்த விழா. பாதை நேராக இருக்கவில்லை என்பதும் உண்மை. 1975 நவம்பர் 25 அன்று படைகளுக்குள்ளேயே மோதல் வந்தது. ராணுவத்தினரின் புரட்சிக் கவுன்சில் 1982 அரசியல் சட்டத் திருத்தத்தில்தான் கலைந்தது.

கேள்வி: சர்வாதிகார அரசின் சொந்த அதிகாரிகளே ஏன் திரும்பினார்கள்?

பதில்: முதல் காரணம் போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனிகளில் நடந்த போர். 1961இல் அங்கோலாவில் தொடங்கி கினி-பிசாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பரவி 13 ஆண்டு இழுத்தது. களத்தில் இருந்த கேப்டன்களுக்கு இதை ஆயுதத்தால் வெல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. அதன் மேல் 1973இல் ஓர் ஆணை வந்தது: கட்டாயச் சேவையில் வந்த அதிகாரிகள் குறுகிய பயிற்சி முடித்தால் நிரந்தர அதிகாரிகளுக்கு மேலே போகலாம். பதவி உயர்வுக் குறையைப் பேசத்தான் கேப்டன்கள் முதலில் கூடினார்கள். பேசப் பேச, போரை நிறுத்த வேண்டுமானால் ஆட்சியையே மாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நின்றார்கள்.

கேள்வி: வானொலிப் பாட்டுதான் சமிக்ஞை என்கிறார்களே, அது எப்படி வேலை செய்தது?

பதில்: ஒன்றல்ல, இரண்டு பாட்டு. ஏப்ரல் 24 இரவு 10:55க்கு லிஸ்பன் நிலையம் ஒன்றில் ஒரு காதல் பாட்டு: தயாராகுங்கள் என்று பொருள். அதன் ஒலிபரப்பு தலைநகர் வட்டாரத்தோடு சரி. நாடு முழுக்க எட்டும் ரேடியோ ரெனசென்சாவில் நள்ளிரவு 12:20க்கு ஜோசே அஃபோன்சோவின் 'க்ராந்தொலா, விலா மொரேனா' ஒலித்தது: இனிப் பின்வாங்கல் இல்லை, புறப்படுங்கள். தொலைபேசியில் பேசினால் ரகசிய போலீஸ் ஒட்டுக்கேட்கும். பாட்டென்றால் வானொலிப்பெட்டி இருக்கும் எந்த முகாமும் ஒரே நொடியில் கேட்டுக்கொள்ளும்.

கேள்வி: ரத்தம் சிந்தாத புரட்சி என்பது சரியா?

பதில்: அப்படிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. லிஸ்பனில் ரகசிய போலீஸ் தலைமையகத்தின் முன் கூடியவர்கள் மீது உள்ளிருந்து சுட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் தெருவில் நினைவுப்பலகை இருக்கிறது. பெரிய படுகொலை நடக்காததற்குக் காரணம், கட்டளையை மீறிய சாதாரண சிப்பாய்கள். டேகஸ் நதிக்கரையில் கிளர்ச்சித் தரப்பு கேப்டன் சல்கேய்ரு மாயாவின் படையைச் சுடும்படி அரசுத் தரப்பு பிரிகேடியர் உத்தரவிட்டார். முதலில் ஓர் இளநிலை அதிகாரி மறுத்தார். பிறகு டாங்கிக்குள் இருந்த கார்ப்பரலும் சுட மறுத்துவிட்டார். அன்று மாலையே கார்மு சதுக்க முகாமில் ஒளிந்திருந்த பிரதமர் மார்செலோ கயத்தானோ சரணடைந்தார். 1926இல் தொடங்கிய 48 ஆண்டு சர்வாதிகாரம் அத்தோடு முடிந்தது.

கேள்வி: இந்தப் புரட்சியின் அடையாளமான சிவப்புக் கார்னேஷன் பூ எங்கிருந்து வந்தது?

பதில்: செலஸ்தே கையேய்ரு என்ற பெண் வேலை பார்த்த உணவகத்துக்கு அன்று முதலாண்டு நிறைவு. வாடிக்கையாளருக்குக் கொடுக்க வாங்கிய பூ. கடை திறக்காததால் ஊழியர்களையே எடுத்துப் போகச் சொன்னார்கள். வழியில் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டார். இவரிடம் இல்லை, பூவை நீட்டினார். சிப்பாய் அதைத் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டார்.

கேள்வி: இத்தாலிக்கும் அதே நாள்தானே விடுதலை நாள்?

பதில்: தேதி ஒன்று, நிகழ்ச்சி வேறு. அங்கே 1945இல் நாஜி, ஃபாசிச ஆதிக்கத்துக்கு எதிராக எதிர்ப்பியக்கம் எழுச்சிக்கு அழைத்த நாள்.

கேள்வி: இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா ஐயா?

பதில்: உண்டு. 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவை மீட்டும் போர்ச்சுகலின் அன்றைய சர்வாதிகாரி சலாசர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஏப்ரல் 25க்குப் பின் வந்த அரசுதான், 1974 டிசம்பர் 31 அன்று டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கோவா, டாமன், டையூ, தாத்ரா, நகர் ஹவேலி மீது இந்தியாவின் இறையாண்மையை ஏற்றது.

கேள்வி: வரும் ஏப்ரலில் லிஸ்பனில் இருப்பேன். எதைப் பார்க்கலாம்?

பதில்: பிற்பகலில் அவெனிதா த லிபெர்தாதே பெருஞ்சாலையில் ஊர்வலம் போகும், யாரும் சேரலாம். மறுநாளாவது அல்ஜுபே அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அரசியல் கைதிகளை அடைத்திருந்த சிறை அது. அதைப் பார்த்தால் ஊர்வலத்தில் முதியவர்கள் அழுவது ஏன் என்று புரியும்.