பதகளிப்பு நோயால் மூளை சுருங்குமா?

கேள்வி: அளவுமீறிய பயமும் கவலையும் தரும் பதகளிப்பு நோய் மூளையைச் சுருக்கிவிடும் என்று இணையத்தில் படித்தேன். எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுத்துப் பார்க்கட்டுமா? (வாசகி, வெள்ளவத்தை)

அதற்காக எடுக்காதீர்கள், பணம்தான் வீண். ஆய்வுகள் சொல்வது பலரின் சராசரியை. ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து இவருக்குப் பதகளிப்பு உண்டென்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பொதுப் பதகளிப்பு நோயுள்ள 1,000க்கு மேற்பட்டோரை, நோயற்ற சுமார் 3,000 பேரோடு ஒப்பிட்டது. மூளையின் அமைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அகப்படவில்லை. வலிப்போ கை கால் பலவீனமோ இருந்தால் கதை வேறு. நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் முதலில் தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்தச் சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் இதே குறிகள்தான் வரும்.

கேள்வி: 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பின்போது கொச்சிக்கடையில் இருந்தேன். இன்றும் பட்டாசுச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. என் மூளை பழுதாகிவிட்டதா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

இல்லை, ஐயா. நீங்கள் சொல்வது, பேரதிர்ச்சிக்குப் பின் மனதில் தங்கிவிடும் மனவடு நோயின் குறி. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றை அறிந்தால் உங்கள் பயம் தணியும். வியட்னாம் போரிலிருந்து கடுமையான மனவடுவோடு திரும்பியவர்களுக்கு, நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிறிதாக இருந்தது. போர்முனையையே காணாத அவர்களுடைய ஒத்த இரட்டைச் சகோதரர்களுக்கும் அது அப்படியே சிறிதாக இருந்தது! ஆகவே அதைப் போர் செய்த சேதமென்று சொல்லிவிட முடியாது. முன்பே இருந்த அமைப்பு அவர்களை எளிதில் நோய்க்கு ஆளாக்கியிருக்கலாம். எத்தனை ஆண்டு கடந்தாலும் இதற்கு உளச்சிகிச்சை பலன் தரும். தாமதிக்காமல் மனநல வைத்தியரைப் பாருங்கள்.

கேள்வி: பயத்துக்குக் காரணம் மூளையிலுள்ள அமிக்டலா என்ற பகுதிதானே? அது இல்லாவிட்டால் பயமே வராதா? (உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி)

அரிய நோயொன்றால் இரு பக்க அமிக்டலாவையும் இழந்த அமெரிக்கப் பெண்ணொருவர் பாம்பைக் கண்டும் அஞ்சவில்லை. ஆனால் 35 வீதம் காபனீரொட்சைட்டு கலந்த காற்றைச் சுவாசித்ததும் பீதியில் துடித்தார். 2013இல் வெளியான முடிவு இது. பயம் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை.

கேள்வி: என் மனைவிக்கு பஸ்ஸில் ஏறவே பயம். குளிசை போடவும் பயம். வெறும் பேச்சால் மூளை மாறுமா? (வாசகர், மட்டக்குளி)

மாறும். பிறர் முன்னிலையில் மிகையாக அஞ்சும் சமூகப் பதகளிப்பு உள்ளவர்களுக்கு சுவீடனில் 9 வாரம் இணையவழி உளச்சிகிச்சை அளித்தார்கள். அவர்களுடைய அமிக்டலாவின் பருமன் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது. இச்சிகிச்சை பேச்சோடு நிற்பதில்லை. காலி வீதியில் ஒரே ஒரு தரிப்பிடம் வரை பஸ்ஸில் போவது, படபடப்பு தானாகத் தணியும் வரை இறங்காமல் இருப்பது, அடுத்த நாள் இரண்டு தரிப்பிடம் என்று படிப்படியாகப் பழக வேண்டும். பக்கத்தில் நீங்கள் இருங்கள். "இதெல்லாம் ஒரு வருத்தமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வைத்தியர் குளிசை எழுதினால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்த வேண்டாம். அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.