சிரிப்புப் படங்கள்: கேள்வி பதில்

கே: 'காதலிக்க நேரமில்லை' (1964) நாகேஷின் பேய்க்கதைக் காட்சிக்காகத்தானே இன்னும் ஓடுகிறது?

ப: அந்தக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு அவருடைய அப்பாவாக வரும் பாலையாவை மட்டும் பாருங்கள். மகன் வாயாலேயே சத்தம் எழுப்பிக் கதை சொல்லச் சொல்ல, அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும். சிரிப்பு அந்த முகத்தில்தான் இருக்கிறது. மகன் செல்லப்பாவுக்கு (நாகேஷ்) படம் எடுக்கப் பணம் வேண்டும், பணமோ அப்பாவிடம். இது தெரிந்து பார்த்தால்தான் காட்சிக்கு முழு ருசி. முத்துராமன் பணக்காரக் கிழவராக வேஷம் போட்டு வந்ததும் இதே பாலையா குழைவாரே, அதுவும் இயக்குநர் ஸ்ரீதரும் எழுத்தாளர் சித்ராலயா கோபுவும் முதலிலிருந்தே விதைத்த குணம்தான். தயவுசெய்து முழுப் படமாகப் பாருங்கள், துண்டு வீடியோவாக வேண்டாம்.

கே: 'தில்லு முல்லு' (1981) இந்திப் படத்தின் காப்பிதானே?

ப: 'கோல்மால்' (1979) படத்தின் மறு ஆக்கம். அதனால் மதிப்புக் குறையவில்லை. மீசை இல்லாதவனை நம்பாத முதலாளி, அவரை ஏமாற்ற ஒட்டுமீசை வைத்த ரஜினி. ஒரே பொய், அதைக் காப்பாற்ற வரிசையாகப் பொய்கள். முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன் ஒரு இடத்தில்கூட தான் நகைச்சுவைப் படத்தில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அதுதான் அவர் வெற்றி.

கே: 'அவ்வை சண்முகி' (1996)?

ப: 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) தழுவல். மேலே சொன்னதே இதற்கும்.

கே: 'உள்ளத்தை அள்ளித்தா' எங்கிருந்து சுட்டது?

ப: மூன்றாவது முறையாக இதே கேள்வி! எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, கார்த்திக்கும் கவுண்டமணியும் ஒருவர் பேச்சை ஒருவர் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள்.

கே: துண்டாகப் பார்க்காதே என்கிறீர்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சிக்குக் கதை எதற்கு?

ப: சரி, அது தனியாகவும் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். கவுண்டமணி செந்திலை ரெண்டு பழம் வாங்கச் சொல்கிறார், ஒன்றுதான் கைக்கு வருகிறது, இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு "அதுதாண்ணே இது". தொடக்கமும் முடிவும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அப்படி அமைவது அபூர்வம்.

கே: அபூர்வமா? அந்தப் படத்தின் கார் காமெடியும் தனியாக நிற்கிறதே!

ப: அங்கேதான் மாறுபடுகிறேன். கரகாட்டக் குழுவே அந்த ஓட்டைக் காரை நம்பிப் பிழைப்புக்கு ஊர் ஊராகப் போகிறது. அதை முன்பே பார்த்தவனுக்கு, தள்ளுகிறவர்களின் களைப்பும் தெரியும். துண்டில் கத்தல் மட்டும்தான் மிஞ்சும்.

கே: கவுண்டமணி செந்திலை உதைப்பது இன்றைக்குச் சரியா?

ப: எனக்கு உதை ஒருபோதும் சிரிப்புத் தந்ததில்லை. உதைக்கு முன்னால் செந்தில் அப்பாவியாக நிற்கும் இரண்டு விநாடிதான் தருகிறது. உதையை வெட்டிவிட்டாலும் காட்சி நிற்கும்.

கே: மலையாளச் சிரிப்புப் படம் ஒன்று?

ப: என் எல்லைக்கு வெளியே. அதில் ஊறியவர்களிடம் கேளுங்கள்.

கே: 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லை. எந்தக் காட்சி பார்க்கலாம்?

ப: எதுவும் வேண்டாம். பொறுமை வரும் நாளில் முதலிலிருந்து பாருங்கள். சாம்பாரில் மீன் விழும்போது சைவச் சமையல்காரன் காமேஸ்வரன் ஏன் அப்படிப் பதறுகிறான் என்பது அவனை முன்பே அறிந்தவர்களுக்குத்தான் புரியும்.