ஃபைட்டர் மீனுக்கு வால் கிழிந்து ஓரம் கருத்து வருகிறது, என்ன மருந்து போடலாம்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். காரைக்குடியில் வீடு. ஹாஃப்மூன் வகை (வால் அரைவட்டமாக விரிவது) நீல ஃபைட்டர், ஐந்து லிட்டர் உருண்டைக் கண்ணாடித் தொட்டி, ஃபில்டர் இல்லை. வால் ஓரம் கிழிந்து கருப்பாகிறது, இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. கடைக்காரர் நீல மருந்து கொடுத்திருக்கிறார், போடலாமா? கூடவே, தண்ணீர் மாற்றும்போது சில சமயம் போர் தண்ணீர், சில சமயம் அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீர் ஊற்றுவேன் என்று ஒரு வரி, வாலின் படம் ஒன்று.

நீல மருந்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். எனக்கு உறுத்துவது அந்தத் தண்ணீர் வரிதான்.

முதலில், எந்த அண்டா? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மழை வந்தால் ஓட்டுச் சாய்ப்பிலிருந்து முற்றத்தில் கொட்டுகிற தண்ணீருக்கு அண்டாவைத் தூக்கி வைப்பது வழக்கம். பிளாஸ்டிக் என்றாலோ எவர்சில்வர் என்றாலோ கவலையில்லை. செம்போ பித்தளையோ என்றால் அந்தத் தண்ணீரை மீன் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மழைத்தண்ணீர் தாது குறைந்த மென்மையான தண்ணீர், லேசாக அமிலத் தன்மையும் உண்டு. அது செம்பை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துக்கொள்ளும். புளி போட்டுப் பளபளவென்று துலக்கிய அண்டா என்றால் மேற்பரப்பு புதிதாக இருப்பதால் இன்னும் சுலபம். தண்ணீர் எவ்வளவு மென்மையோ, மீனுக்கு அந்தச் செம்பின் நஞ்சும் அவ்வளவு கூடுதல். தேவகோட்டையில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பத்தா விடவில்லை. "ஏப்பா, செப்புப் பானைத் தண்ணிய நாங்க காலமெல்லாம் குடிக்கிறோம், உன் மீனுக்கு மட்டும் ஆகாதா?" ஆகாதுதான். நாம் குடிக்கிற தண்ணீர் வயிறு, ஈரல் என்று தாண்டிப் போகிறது. மீனுக்குச் செவுள் நாள் முழுக்க அதே தண்ணீரில் நனைந்திருக்கிறது, செம்பு நேராக அங்கே போய் உட்காரும்.

அண்டா பிளாஸ்டிக்காகவே இருந்தாலும் மாற்றி மாற்றி ஊற்றுவது தொல்லை. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், அதாவது தாது அதிகம்; பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணும், அதிகம். மழைத்தண்ணீரில் கரைந்த தாது ஏறக்குறைய இல்லை, அதனால் பிஎச் பிடிமானமில்லாமல் சரியும். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்றால் மீனின் உடம்பு எதற்குப் பழகும்? ஃபைட்டர் கடினத் தண்ணீரிலும் வாழும், மென்மையான தண்ணீரிலும் வாழும். அடிக்கடி மாறுகிற தண்ணீரில்தான் நோஞ்சானாகிறது. ஒன்று போர் தண்ணீர் மட்டும், அல்லது இரண்டும் பாதிப் பாதி, எப்போதும் அதே அளவு. எது என்று முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். குழாய்த் தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும், ஒரு நாள் திறந்த வாளியில் வையுங்கள், இல்லையென்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை விடுங்கள்.

அடுத்தது அம்மோனியா. ஐந்து லிட்டரில், ஃபில்டர் இல்லாமல், மீன் கழிவும் மீந்த தீனியும் சேர்ந்து அம்மோனியா ஏறுவதற்கு நிறைய நாள் வேண்டாம். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் ஏறக்குறைய பத்து மடங்காகிறது, சூடு கூடினால் இன்னும் ஏறும். சித்திரை வெயிலில், போர் தண்ணீர் ஊற்றிய சின்னத் தொட்டியில், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். செவுளும் தோலும் எரிந்துபோன மீனின் வாலில்தான் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா ஏறி உட்காருகின்றன. அவை எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவைதான், தெம்பாக இருக்கும் மீனை ஒன்றும் செய்வதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தொட்டியை மூடிவையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதும் இதனால்தான்; சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் விழுந்தாலும் இவ்வளவு சின்னத் தொட்டியில் பிஎச் எகிறிவிடும்.

இப்போது வாலைப் பாருங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தொட்டிக்குப் பின்னால் பிடியுங்கள். வாலை விரித்துப் பிடிக்கும் குச்சி மாதிரியான கதிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கதிர்களுக்கு நடுவே நேராகப் பிளந்து, ஓரத்தின் நிறம் மாறாமல் இருந்தால் அது வெறும் கிழிசல். பிளாஸ்டிக் செடியோ கூரான கல்லோ செய்த வேலை. தொட்டியில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் எடுத்து அதன் மேல் பழைய நைலான் துப்பட்டாவை இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் வாலும் மாட்டும், தூக்கிப் போடுங்கள். ராத்திரி முழுதாக இருந்த வாலில் காலையில் அரைவட்டமாக ஒரு துண்டு காணோம் என்றால் அது தானே கடித்துக்கொண்டது. ஹாஃப்மூன் ஆண்களுக்கு வால் பாரம் அதிகம், நீந்தமுடியாமல் கடித்துப்போடுவது உண்டு. கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துச் சீறிக்கொண்டே இருந்தாலும் கடிக்கும். அழுகல் வேறு மாதிரி. ஓரம் நேர்க்கோடாக இல்லாமல் அரித்து அரித்து உள்ளே போகும், அந்த விளிம்பில் கருப்போ சிவப்போ ஒரு கோடு ஓடும், சில சமயம் வெள்ளை நூல்கள் தொங்கும். உங்கள் படத்தில் இடது பக்கம் ஒரு பிளவு கிழிசல் மாதிரியும், மேல் ஓரம் முழுக்க அழுகல் மாதிரியும் தெரிகிறது. கிழிந்த இடத்தில் அழுகல் பிடித்திருக்கலாம், அப்படித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

வைத்தியம். எட்டுப் பத்து லிட்டர் பிடிக்கும் புதுப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, மூடியில் நாலு ஓட்டை. மூடி கட்டாயம், இந்த மீன் குதிக்கும். அதில் ஐந்து லிட்டர் மட்டும் நிரப்பி மீனை விடுங்கள். மண்ணும் வேண்டாம், கல்லும் வேண்டாம். ஒரு மட்டத் தேக்கரண்டித் தூள் உப்பை, அதாவது ஏறக்குறைய ஆறு கிராம், தனியாக ஒரு சொம்பில் கரைத்து ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். அயோடின் இல்லாத உப்பு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காக அலைய வேண்டாம், இந்த அளவில் அயோடின் ஒன்றும் செய்யாது. தினமும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு அதே சூட்டில் புதுத் தண்ணீர். இங்கேதான் பலருக்குக் கணக்கு உதைக்கும்: எடுத்தது ஒன்றரை லிட்டர் என்றால், புதிதாகச் சேர்க்கும் உப்பும் அந்த ஒன்றரை லிட்டருக்கு மட்டும். மறுபடி முழுக் கரண்டி போட்டுக்கொண்டே போனால் வாரக் கடைசியில் மீன் ஊறுகாய்தான். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு உப்பே சேர்க்கக் கூடாது, தண்ணீர்தான் போகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. பத்து நாளுக்கு மேல் உப்புத் தண்ணீரில் வைக்க வேண்டாம்.

பாதாம் இலை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம். நாம் தெருவில் பாதாம் மரம் என்று சொல்கிறோமே, அந்த நாட்டு வாதுமைதான். தானாகப் பழுத்து விழுந்து காய்ந்த பழுப்பு இலை மட்டும். பச்சை இலை ஆகாது, மருந்தடித்த தோட்டத்து இலையும் ஆகாது. கழுவி ஒன்று போட்டால் ஓரிரு நாளில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதில் உள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்து கிருமியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், மீனுக்கும் அமைதி. அழுகலை அது மட்டும் குணப்படுத்திவிடும் என்று நான் நம்பவில்லை. மஞ்சள் தூள், வேப்பிலை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மஞ்சள் தண்ணீரைக் கலக்கிவிடும், வேம்பின் சாறு மீனுக்கு விஷம்.

அந்த நீல மருந்து மெத்திலின் ப்ளூ. முட்டையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும், உடம்பின் மேல் பஞ்சு மாதிரிப் பூஞ்சை வந்தால் போடவும் நல்ல மருந்து. பாக்டீரியா வால் அழுகலுக்கு அதை நான் முதலில் எடுக்கமாட்டேன். ஃபில்டர் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் அடித்துவிடும், தொட்டி மூலையில் உள்ள சிலிக்கான் நீலமாகிவிடும், அது பிறகு போகவே போகாது. மெடிக்கல் கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துப் போடும் வழக்கம் இருக்கிறது. போர் தண்ணீரில் அது வீண். கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும், மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். அப்புறம் டோஸை ஏற்றுவார்கள், கிருமி பழகிப்போகும்.

நாலைந்து நாளில் கருப்புக் கோடு உள்ளே நகராமல் நின்றுவிட்டால் போதும், சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஓரத்தில் கண்ணாடித்தாள் மாதிரி நிறமில்லாத மெல்லிய சவ்வு வரும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மறுபடி மருந்தை ஊற்றுபவர்கள் நிறையப் பேர். அது புது வால். முழுதாக வளர ஒன்றிரண்டு மாதம் ஆகும், பழைய நீலமே திரும்பும் என்று உறுதியில்லை. மாறாக, கோடு உடம்பை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தாலோ, வாலின் அடியில் சிவப்பு நரம்புகள் தெரிந்தாலோ, உப்பு போதாது. அப்போது மீன்களுக்கென்றே விற்கும் ஆன்டிபயாடிக் வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். ஆனாலும் போய்க் கேளுங்கள், மீன் என்று சிரிக்காத டாக்டர்களும் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-லிருந்து இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி அதற்கும் முந்தியது. படம் அனுப்பி விசாரிக்கலாம்.

வேறு நோய்களையும் டார்ச் அடிக்கும்போதே பார்த்துவிடுங்கள். உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் இக் என்ற ஒட்டுண்ணி நோய். சூட்டை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றலாம். தங்கத் தூள் மாதிரி மினுங்கினால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய், தொட்டியை இருட்டாக்க வேண்டும். முதுகில், குதிரைக்குச் சேணம் போட்ட மாதிரி, சாம்பல் வெள்ளைப் படலம் வந்தால் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். அதற்குச் சூட்டை ஏற்றவே கூடாது, சூடு கூடினால் அது வேகமெடுக்கும். நம் ஊர்க் கோடையில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தொட்டியை முகப்பிலோ மாடியிலோ வைக்காமல் வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய பத்தியில் (தாழ்வாரத்தில்), தடித்த சுவர் ஓரமாக வையுங்கள், வெயில் ஏறி இறங்குவது அங்கே அவ்வளவாகத் தெரியாது. 25-லிருந்து 28 டிகிரி போதும். செதில் எல்லாம் சிலிர்த்து வயிறு ஊதியிருந்தால் அது டிராப்ஸி. அந்த நிலையிலிருந்து தேறுவது அபூர்வம்.

சாயங்காலம் சாம்பிராணி போடுகிற வீடா, கொசுவத்தி ஏற்றுகிற வீடா? ஃபைட்டர் மேலே வந்து காற்றையே நேராக விழுங்கும் மீன், தலைக்குள் அதற்கென்று தனி உறுப்பு உண்டு. புகை அப்படியே உள்ளே போகும். கொசுவத்தியிலும் செருகி வைக்கும் லிக்விடிலும் உள்ள பூச்சிமருந்து மீனுக்குக் கடும் விஷம், தண்ணீர்ப் பரப்பிலும் படியும். மீன் இருக்கும் அறையில் வலை கட்டிப் படுங்கள்.

தேறியபின் பழைய உருண்டைத் தொட்டிக்கே திரும்ப அனுப்பாதீர்கள். பதினைந்து இருபது லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்று மெல்லமாக. தாய்லாந்து வயல்களில் ஓடாத தண்ணீரில் வாழ்ந்த இனம் இது, மோட்டார் வேகத்தில் வைத்தால் அந்த இழுப்பிலேயே வால் கிழியும். புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை அம்மோனியா டெஸ்ட் கிட் கையில் இருக்கட்டும்.

தீனி எடுக்கவில்லை என்று பதற வேண்டாம். வளர்ந்த ஃபைட்டர் ஒரு வாரம் பட்டினி தாங்கும். பெல்லட்டைத் தூவிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒன்றே ஒன்று போட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தொடவில்லை என்றால் டிராப்பரால் எடுத்துவிடுங்கள். கொசுப்புழு கிடைத்தால் இரண்டு போட்டுப் பாருங்கள், பெல்லட்டை முகர்ந்துகூடப் பார்க்காத மீன் அதற்கு மட்டும் வாயைத் திறக்கும்.